முதல் பக்கத்தில் பாயசம்

"என் நம்பரு கல்யாணத்தையே வரிசையில நிறுத்தும். மனுசன் சாட்சி இன்னாத்துக்கு?"

உத்திரமேரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நசுருதீன், முதல் டிஜிட்டல் கேமரா வாங்கிய வாரத்தில் டீக்கடை பெஞ்சிலிருந்து வெளியிட்ட அறிக்கை இது. யாரும் மறுக்கவில்லை. எல்லோர் வாயிலும் பஜ்ஜி இருந்தது.

நேரத்தின்மீது அவருக்குத் தனி மரியாதை. மணி கேட்டால் நொடியோடு சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் அது தப்பாகிவிடுவதால் மறுபடியும் சொல்வார். படம் விழுந்த நொடி, நிமிடம், மணி என்று கோத்து, கடைசியில் கேமராவின் எண்ணையும் ஒட்டி, ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைப்பார். அவருடைய கேமரா ஒன்று. பெண்கள் பக்கம் படமெடுக்கும் மனைவி ஹசீனாவுடையது இரண்டு. இருவரும் ஒரே நொடியில் எடுத்தாலும் பெயர் மோதாது. புருஷன் படம் முன்னால் நிற்கும். நொடிக்கு ஏன் முதலிடம்? அதுதான் சுறுசுறுப்பாக மாறுகிறதாம். சோம்பேறி மணிக்குக் கடைசி இடம். பெயர்ப்படி கம்ப்யூட்டர் அடுக்கிக் கொடுத்ததை அவர் பார்க்காமலே ஆல்பத்தில் ஒட்டுவார். பார்த்தால் அதைச் சந்தேகப்பட்டதாகிவிடும் அல்லவா?

கன்னியப்பன் மகள் பவளத்தின் கல்யாண ஆல்பம் ஓரிக்கைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மாமியார் சிட்டம்மாள் முதல் பக்கத்தைத் திறந்தார். பெண்ணின் தாய்மாமன் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். தாலிகூட ஏறவில்லை, மாப்பிள்ளை வீட்டார் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, அதற்குள் பெண் வீட்டுக்குப் பந்தியா? அடுத்த பக்கம் புரட்டாமலே மூடினார். சாயங்காலம் பவளமும் ஆல்பமும் அப்பன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

மறுநாள் கன்னியப்பன் ஆல்பத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். "பாய், தாலி கட்டினப்புறம்தான பந்தி போட்டோம்? நீ வந்து ஒரு வார்த்த சொன்னா எம் பொண்ணு பொழச்சிக்கும்."

ஆமாம் என்றால் நம்பரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று நசுருதீனுக்குத் தோன்றியது. "நம்பரு பொய் சொல்லாதுண்ணா" என்றார்.

கன்னியப்பன் முகம் தொங்கிய பிறகே, தாய்மாமன் முந்தித் தின்றதற்குத் தாமே சாட்சி சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது.

ஹசீனா பக்கத்தைப் புரட்டினாள். "ரெண்டாம் பக்கத்துல பொண்ணு அழுதுகினே காரு ஏறுது. மூணாம் பக்கத்துல தாலி ஏறுது. உங்க கம்ப்யூட்டரு கல்யாணத்துக்கு வந்துச்சா இன்னா?"

நசுருதீன் பெயர்களைப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கு இடப்பக்கத்திலிருந்துதான் ஒப்பிடத் தெரியும். அங்கே நின்றது நொடி. ஏதோ ஒரு நிமிடத்தின் மூன்றாம் நொடியில் விழுந்த பாயசம் முதலில், வேறொரு நிமிடத்தின் நான்காம் நொடியில் விழுந்த கண்ணீர் அடுத்து. எந்த மணி என்பதை வால்வரை போய்க் கேட்க அதற்கு அவசியமே வரவில்லை.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பேஜாரான முகத்தோடு ஓரிக்கைக்கு பஸ் ஏறினார். சிட்டம்மாள் முறைத்தபடியே பக்கங்களைப் புரட்டினார். ஆறாம் பக்கத்தில் அவரே வெற்றிலை மென்றபடி விடைபெறுகிறார். ஏழாம் பக்கத்தில்தான் கல்யாணத்துக்கு வந்து இறங்குகிறார்.

"வர்றதுக்கு மின்னயே என்ன வூட்டுக்கு அனுப்பிட்டியே பாய்" என்றவருக்குச் சிரிப்பில் புரையேறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார். "நின்னுகினு கீற பாரு. போய் பொண்ண இட்டுகினு வா."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டபிறகுதான் நசுருதீனுக்கு மூச்சு வந்தது. தரையில் சம்மணமிட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் பரப்பினார். ஒன்றைத் தூக்கிப் பிடித்து மெல்லக் கேட்டார்:

"அம்மா, இது தாலிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சிட்டம்மாள் விரல் நீட்டிய பக்கத்தில் அதை வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.