கூண்டு மாற்றியதாக ஒரு கடிதம்

என் அக்கா புருஷன் முப்பத்தொரு வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். எலி வளர்ப்பதுதான் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் எலிக்காரர், எனக்கு அத்தான். கூண்டு கழுவும் அறையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதனால் நான் சொல்வது ஒருபக்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அவர் பொறுப்பில் இருந்தவை மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு ஜாதி எலி. காது மடல் கிடையாது, கண் கடுகளவு, முன்பல் மட்டும் உதட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எது ஆண், எது பெண் என்று எங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. அத்தான் குட்டை வாலைத் தூக்கி, மயிரை வாயால் ஊதி விலக்கி, மூத்திரத் துவாரத்துக்கும் மலத் துவாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பார். அகலமாக இருந்தால் ஆண். வலது இடுப்பில் கத்தரியால் மயிரை ஒரு நறுக்கு நறுக்குவார். பெண்ணுக்கு இடது இடுப்பில். மயிர் வளர வளர மறுபடியும் நறுக்குவார். நோட்டிலும் எழுதி வைப்பார்.

ஒரு வருஷம் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். எண்பது எலிகளின் ரத்தத்தை எடுத்து குரோமோசோமைப் பார்த்தார். உயிரணுவுக்குள் நூல் நூலாக இருக்குமாம். நம்மைப் போன்ற பிராணிகளில் ஆணுக்கு மட்டும் ஒய் என்று ஒரு குட்டை நூல் உண்டாம். எண்பதில் ஒன்றில்கூட அது இல்லை.

“என்ன எலிக்காரரே, எண்பதும் பொம்பளையா வருது. நாப்பது ஆம்பளைன்னு குறிச்சிருக்கீங்க. கூண்டை மாத்தி வச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. நாப்பதும் ஆம்பளைதான்.”

“மெஷின் பொய் சொல்லுமா?”

“எல்லாம் பொம்பளைன்னா இத்தனை குட்டிக்கு அப்பன் யாரும்மா? நானா?”

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்கு வினையானது.

மறுநாள் அலுவலகத்தில் தீர்மானமாகச் சொன்னார்கள். கூண்டை மாற்றி, குறியைத் தப்பாகப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எலிகளை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கலப்படச் சரக்கு என்று அத்தனையையும் கொன்றுவிட்டுப் புதிதாக வாங்குவார்கள்.

“செய்யாத தப்பைச் செஞ்சேன்னு எழுதுவீங்களா, அத்தான்?”

“எழுதினா அதுங்க பொழைக்கும் மாப்ளே. எனக்கென்ன, கழுத்தையா சீவிடப்போறாங்க?”

எழுதிக் கொடுத்தார். எலிகள் பிழைத்தன. அவரைக் கூண்டு கழுவ என் பக்கத்தில் தள்ளினார்கள். இரண்டு வருஷம் பிரஷ்ஷும் கையுமாக நின்றார்.

பிறகு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். வயசானவர். எலியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார், ரத்தத்தையும் பார்த்தார். அத்தானின் பழைய நோட்டைக் கேட்டு வாங்கி ஒரு வாரம் உட்கார்ந்தார். இந்த ஜாதியில் ஆணுக்கும் ஒய் கிடையாது என்றார். எந்தக் காலத்திலோ தேய்ந்து தொலைந்துபோய்விட்டதாம். இருந்தும் ஆண் பிறக்கிறது. எப்படி என்று தனக்கும் தெரியாது என்றார். டாக்டரம்மா அதைக் கட்டுரையாக எழுதினார், கைதட்டல் வாங்கினார்.

அத்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார். நானும் கூட நின்றேன்.

கிளார்க் ஃபைலைப் புரட்டினார். “எலிக்கு ஒய் இல்லைன்னு நிரூபிச்சிருக்காங்க. நீங்க கூண்டை மாத்தலைன்னு யாரு நிரூபிச்சா? மாத்தினேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“டாக்டரம்மா ஒரு வரி எழுதிக் குடுத்தா?”

“குடுக்கட்டும், கிழிச்சுடறேன்.”

அந்த அம்மாவிடம் நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் “பாக்கலாம்” என்றார். ஐந்தாவது தடவை கேட்பதற்குள் ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது.

வழியனுப்பும்போது அதே அம்மா சட்டம் போட்ட எலிப்படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அத்தான் எலி அறையில் இருந்த காலத்தில் எடுத்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வலது இடுப்பில் மயிர் நறுக்கியிருந்தது.

“ஆம்பளைதான்” என்றார்.

அக்கா சுத்தியலும் ஆணியுமாக வந்தாள். வேண்டாம் என்று படத்தை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கடிதம் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது.