'பைய' என்ற சொல் ஆகாதவர்

என் சீனியர் வக்கீலின் அறையில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கும். கப்பலின் மேல்தளத்தில் இறக்கைகளை மேலே மடக்கி நிற்கும் சிறிய விமானம். பக்கத்தில் ஒல்லியாக அவர். களக்காட்டுக் கட்சிக்காரர் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது பறக்குமா, அடைகாக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார். சீனியர் சிரிக்கவில்லை. "எழுபத்தொண்ணு போர்ல பறந்துச்சு வே" என்றார். கடற்படைக்குக் கப்பல்தானே உண்டு, விமானம் ஏது என்று திருநெல்வேலி கோர்ட் வளாகமே அவரைச் சந்தேகப்பட்டது. நான் நம்பினேன். ஜூனியருக்கு வேறு வழி கிடையாது.

போர் முடிந்து கொஞ்ச காலத்தில் கடற்படை விமானி வேலையை விட்டு வந்து சட்டம் படித்தவர். அரசு வழக்கறிஞராகப் பேர் வாங்கினார். நடையிலும் வாதத்திலும் ஒரே வேகம். ஒரு சொல் மட்டும் அவருக்கு ஆகாது. எங்கள் ஊரில் யாரை வழியனுப்பினாலும் 'பைய போயிட்டு வாங்க' என்போம், நிதானமாகப் போய் வாருங்கள் என்ற அர்த்தத்தில். அவரிடம் சொன்னால் முகம் இறுகிவிடும். வேகக்காரர், நிதானம் பிடிக்கவில்லை என்று நானாக ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு, வெகுநாள் காத்திருந்த பதவி சென்னையில் சட்டத் துறையில் வந்தது. திங்கட்கிழமை காலை போய்ச் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த வார இறுதியில் தாமிரபரணி கரைபுரண்டது. மதுரைச் சாலையும் ரயிலும் நின்றன. தூத்துக்குடிச் சாலை மட்டும் தப்பியதால், ஞாயிறு மதியம் அங்கிருந்து விமானம் ஏறினோம். வழக்குக் கட்டுகளைத் தூக்க நானும் போனேன்.

எனக்கு அது முதல் விமானப் பயணம். ஓட்டுகிறவர் மயங்கினால் எங்கள் சார் எடுத்துக்கொள்வார் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். முன்தலை அப்போதே காலி என்பதால் முருகனுக்கு அதில் நட்டம்தான்.

சென்னையில் சக்கரம் தரையைத் தொடப்போன நேரத்தில் விமானம் உறுமிக்கொண்டு மறுபடி மேலே கிளம்பியது. "பைய, பைய" என்று அலறினேன். யாரோ என் கையை நொறுக்கினார்கள். திரும்பிப் பார்த்தேன். சீனியர். கண்ணை மூடியிருந்தார், முகம் சாம்பல். இன்னொரு கை காற்றில் எதையோ முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. என் காப்பீட்டுத் திட்டமே வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அதிர்ச்சி இத்தனை வருடமாகியும் எனக்குத் தெளியவில்லை.

"'பைய'ன்னு சொல்லாதலே" என்றார்.

இரண்டாவது தடவை ஒழுங்காக இறங்கியது. எல்லாரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. பிறகு சொன்னார்: கப்பல் தளத்தில் சக்கரம் பட்டதும் கைப்பிடியை முன்னால் தள்ளி முழு வேகம் கொடுக்க வேண்டுமாம். குறுக்கே கட்டிய வடம் விமானத்தைப் பிடிக்காமல் விட்டால் மறுபடி எழும்ப வேண்டுமே. போரின்போது அவருடைய கூட்டாளி வேகத்தைக் குறைத்துவிட்டான்.

"பைய எறக்கிட்டான். என் கண்ணு முன்னால கடல்ல போயிட்டான். ஓட்டுறப்பல்லாம் பயமில்ல. அடுத்தவன் ஓட்ட, சும்மா உக்காந்திருக்கத்தான் முடியல. ஏறவே மாட்டேன்னுதான் இருந்தேன்."

மறுநாள் காலை, தேய்த்த சட்டையில், நேரத்துக்குப் போய்ப் பொறுப்பேற்றார். மாலையை ஒட்டி அவர் மேசைக்கு வந்தது, அடுத்த நாள் கூட்டத்துக்கான தில்லி விமான டிக்கெட். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதவி வேண்டுமானால் இனி இதுதான் வழி.

"நானும் வாரேன் சார்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எந்தப் பைத்தியக்காரன் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.