சின்னண்ணன் என்கிற பாரம்

எருமப்பட்டி சின்னண்ணன் வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. வண்டி இருந்தது, மாடு இருந்தது, வாரம் தவறாமல் நாமக்கல் சந்தைக்குப் போய்வந்தார். ஆனால் ஓட்டியதில்லை. கடலைக்காய் மூட்டையை ஏற்றி, மாட்டைப் பூட்டி, ஒரு அதட்டல் போடுவதோடு அவர் பாடு முடிந்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். மீதியைச் செவலையும் மயிலையும் பார்த்துக்கொள்ளும். சந்தைப்பேட்டை வந்ததும் அதுகளே நிற்கும். திரும்பும்போது கட்டுத்தறிக்கு முன்னால் வந்து நிற்கும். அவர் எழுந்து, கொட்டாவி விட்டு, சோறு ஆச்சா என்று கேட்பார்.

அவர் சம்சாரம் ஆத்தாயிக்கு இது அடியோடு பிடிக்காது. அவள் வண்டியில் ஏறினால் கண்ணைக் கூட அதிகம் சிமிட்டமாட்டாள். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே போகிற ஆட்டுக்குட்டியைக் கூட ஒரு அதட்டு அதட்டித்தான் அனுப்புவாள்.

"ஏனுங்க, கயித்தையாச்சும் கையில புடிச்சிட்டுத் தூங்கப்படாதா?"

"நானு புடிச்சா அதுக குழம்பிக்கும் புள்ள."

இப்படிச் சொல்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? முப்பது வயசிலும் அதையே சொன்னார், ஐம்பதிலும் அதையே சொன்னார். பங்குனியில் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுவிட்டால் மட்டும் ஆள் அடியோடு மாறிப்போவார். கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களில் அவர்தான் முன்னாட்டக்காரர். மேளம் ஓயும்வரை அந்தக் காலும் ஓயாது. வருஷம் பூராவும் அவர் தூங்கியது இதற்குத்தானோ என்று ஆத்தாயிக்கே சந்தேகம் வரும். ஆட்டத்தில் அவரைப் பார்க்கும்போது அவளுக்கு அவர்மேல் இருக்கிற எரிச்சலெல்லாம் போய்விடும். அடுத்த சந்தை நாளில்தான் திரும்ப வரும்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ரோட்டில் பஸ் வந்தது. ஒன்று வந்திருந்தால் பரவாயில்லை, இரண்டு கம்பெனி பஸ் வந்தது. யார் முன்னால் போய் ஆளை ஏற்றுவது என்று இரண்டுக்கும் போட்டி. அதில் அங்கமுத்து முதலாளியின் பஸ்ஸை ஓட்டியவன் சவரியார், சேலத்துக்காரன். ஒரு கை ஹாரனில், ஒரு கை பீடியில், முகம் பின்சீட்டுக்காரர்களோடு பேச்சில். ஸ்டீரிங்கை எதைக்கொண்டு பிடித்தான் என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம். கோழி, வேலி, மைல்கல், எதையும் அவன் சும்மா விட்டதில்லை. ஐப்பசியில் ஒரு பானை வண்டியை இடித்ததில், சந்தைக்குப் போன பானையெல்லாம் ரோட்டில் ஓடாகக் கிடந்தது. அங்கமுத்து நல்ல மனுஷர்தான். சவரியாரைக் கண்டபடி ஏசிவிட்டு, பானைக்காரருக்குப் பேசாமல் பணத்தைக் கொடுத்து அனுப்பினார். ஆனால் சவரியாரை நிறுத்தவில்லை. எதிர்க் கம்பெனியை முந்த அவனை விட்டால் ஆள் கிடையாது.

தை மாசத்துச் சந்தை நாளில் அது நடந்தது. பொழுது சாய்கிற நேரம். செவலையும் மயிலையும் ரோட்டின் இடதுபக்கமாக, ஒரு சாண் கூட விலகாமல், வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. சவரியார் எதிர்க் கம்பெனியை முந்துகிற அவசரத்தில் பின்னாலிருந்து வந்தான். பஸ்ஸின் மட்கார்டு வண்டிச் சக்கரத்தில் இடித்து, செவலையின் வலது கொம்பை முறித்து, வண்டியைப் பள்ளத்தில் சாய்த்தது. சின்னண்ணன் தூக்கியெறியப்பட்டு வேலிப்புதரில் போய் விழுந்தார். சவரியார் பதறியடித்து ஓடி அவரைப் புரட்டினான். அவர் கண்ணைத் திறந்து, "ஊடு வந்துருச்சா?" என்றார். அதற்கப்புறம்தான் காலைப் பார்த்தார்.

ஊரே திரண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் நேரே கட்டுத்தறிக்குப் போனார்கள். செவலையின் கொம்பைத் தொட்டுப் பார்த்தார்கள், வாயில்லாச் சீவனை இப்படிச் செய்துவிட்டானே என்று வயிறெரிந்தார்கள். உள்ளே கட்டிலில் கிடந்தவரை எட்டிப் பார்த்து, "செவல தீனி எடுத்துச்சா?" என்று கேட்டார்கள். அங்கமுத்துவும் வந்து, மாட்டு வைத்தியச் செலவும், புது ஆரக்கால் வைக்கிற செலவும் தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். மாடு சரியான பக்கத்தில்தான் போனது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. கட்டிலில் கிடந்தவர் பேச்சை மட்டும் அவரும் எடுக்கவில்லை.

கட்டுப் போடுகிற உள்ளூர் வைத்தியர் கால் இரண்டு இடத்தில் போயிருக்கிறது என்று கையைக் கழுவிவிட்டார். எதிர்க் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் கெட்டிக்காரர், அதில் ஆத்தாயிக்குக் குறையில்லை. குறை அவர் கேட்ட கூலியில்தான் இருந்தது. எலும்பைப் படம் பிடிக்கத் தனி, படத்தைப் பார்த்துச் சொல்லத் தனி, மாவுக்கட்டுக்குத் தனி, கட்டிலில் படுக்கத் தனி. தண்ணீர் மாதிரி ஒரு மருந்து, அதற்கும் தனி.

"இந்த வாரத்துக்குள்ள நேராக்கிக் கட்டிடணும்மா. விட்டா கோணலா ஒட்டிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் கோல்தான்" என்றார் டாக்டர்.

எல்லாம் கூட்டினால் கண்டிப்பாக ஒரு மாட்டின் விலை. கடலைக்காய்ப் பணம் கிணறு தோண்டினதில் போயிருந்தது. மூங்கில் பத்தையை வைத்துக் கட்டின காலோடு திரும்பி வந்தார்கள். மறுநாளே தரகர் வந்து நின்றார். ஒற்றைக் கொம்பானாலும் செவலைக்கு அவ்வளவு வரும் என்றார்.

"செவலயக் குடுக்கறதுன்னா என்ற காலு வேண்டாம்" என்றார் சின்னண்ணன். "அது போயிட்டா மயில யாருகூட நடக்கும்?"

"கம்பம் ஆரு ஆடறது?" என்றாள் ஆத்தாயி.

சின்னண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஆனால் தூங்கவில்லை. கல்யாணமான நாளாக, அவர் படுத்துத் தூங்காமல் இருந்ததை ஆத்தாயி அன்றைக்குத்தான் பார்த்தாள். காலும் வேண்டும், மாடும் வேண்டும் என்று மாரியாத்தாளிடம் கேட்டால் பேராசை என்று சொல்லுவாளோ என்று நினைத்தாள். சொன்னால் சொல்லட்டும் என்று எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு ஊர்ப்பெரியவர் குமாரசாமி வீட்டுக்கு நடந்தாள்.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. சின்னண்ணனைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்தார்கள். அங்கமுத்து வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. எருமப்பட்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எல்லாரும் எதிர்க் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். சவரியார் முதலாளிக்குப் பின்னால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

அங்கமுத்து கும்பிட்டுவிட்டுப் பேசினார். "மாட்டுக்குக் குடுத்தனுங்க, வண்டிக்குக் குடுத்தனுங்க. மனுசனுக்கு எப்படிங்க? கயித்தப் புடிச்சிட்டு முழிச்சிருந்தாருன்னா, ஹாரன் கேட்டு ஒதுங்கியிருப்பாரு. தூங்கினது அவரு குத்தந்தானுங்களே."

"ஏஞ்சாமி சின்னண்ணா, தூங்கினயா?" என்று கேட்டார் குமாரசாமி.

"ஆமாங்க. நல்ல தூக்கமுங்க" என்றார் சின்னண்ணன்.

அந்த வாயை ஊசிநூல் கொண்டு தைக்கவேண்டும் என்றிருந்தது ஆத்தாயிக்கு. கொஞ்சம் கண் அசந்துவிட்டது என்றாவது சொல்லக்கூடாதா? கூட்டத்தில் நாலைந்து பேர் உச்சுக்கொட்டினார்கள். குமாரசாமி மீசையைத் தடவிக்கொண்டு, முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆத்தாயி பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள்.

"மாமா, நானு ரெண்டு வார்த்த கேக்கலாமுங்களா?"

"கேளு சாமி."

அவள் அங்கமுத்துவைப் பார்த்தாள். "ஏனுங்க மொதலாளி, போன ஐப்பசியில பானை வண்டிய இடிச்சீங்களே, ஒடஞ்ச பானைக்குப் பணம் குடுத்தீங்களா?"

"குடுத்தனுங்களே. ஊருக்கே தெரியும்."

"அந்தப் பானைக முழிச்சிட்டா இருந்துச்சுங்க?"

முதலில் சிரித்தவன் சவரியார். முதலாளி திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குள் கோயில் வாசல் பூராவும் சிரிப்பு பரவிவிட்டது.

ஆத்தாயி சிரிக்கவில்லை. "என்ற ஊட்டுக்காரரு வண்டி ஓட்டறவரு இல்லீங்க. இந்த ஊர்ல ஆரை வேண்ணாலும் கேளுங்க. ஓட்டறது செவலையும் மயிலையும். அதுக மேல குத்தமில்லைன்னு நீங்களே பணம் குடுத்துட்டீங்க. இவரு அதுல ஏத்தி வந்த பாரமுங்க. மூட்ட மாதிரி. பாரத்த ஒடச்சா ஒடச்சவங்கதானுங்க பொறுப்பு?"

"நெசந்தானுங்க" என்றார் கட்டிலில் கிடந்த பாரம். "நானு ஒரு நாளும் ஓட்டினதில்லீங்க."

அங்கமுத்து சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பானை ஒடஞ்சா முழுப் பானைக்கு வெல குடுத்தேன் ஆத்தா. இவருக்கும் முழு வெல குடுக்கோணுமா?"

"வெல வேண்டாமுங்க. ஒட்டிக் குடுத்தாப் போதும்."

குமாரசாமிக்குத் தீர்ப்புச் சொல்கிற வேலையே இல்லாமல் போயிற்று. டாக்டர் செலவு அங்கமுத்துவுடையது, கூட்டிப்போய்க் கூட்டிவருவது சவரியார் பொறுப்பு என்று முடிவானது. தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்த வழியே போனார்.

மறுநாள் விடியற்காலையில் சவரியார் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான். சின்னண்ணனைத் தன் தோளில் தாங்கி ஏற்றி, இரண்டு சீட்டில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தான். அன்றைக்கு அவன் ஓட்டின ஓட்டத்தில் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். ஒரு குழி விடாமல் சொல்லிச் சொல்லி இறக்கினான். ஆத்தாயி கம்பியைப் பிடித்தபடி, மாதாவையும் மாரியாத்தாளையும் மாற்றி மாற்றிக் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். சின்னண்ணன் நாமக்கல்லில் தூங்கினவர் அஸ்தம்பட்டியில்தான் விழித்தார். டாக்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்டார். அங்கமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்.

கால் நேராகவே ஒட்டியது. அந்தப் பங்குனியில் கம்பம் நட்டபோது சின்னண்ணன் உட்கார்ந்து கையால் மட்டும் தாளம் போட்டார். அடுத்த பங்குனியில் எழுந்துவிட்டார். முன்னாட்டம் அவருடையதுதான். லேசாக ஒரு தாங்கல் இருந்தது, அதையும் ஆட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். இளவட்டங்கள் அதுதான் அசல் அடி என்று நினைத்து அதே மாதிரி தாங்கித் தாங்கி ஆடினார்கள். கூட்டத்தில் சவரியாரும் நின்று விசிலடித்தான். ஆத்தாயிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, பக்கத்தில் இருந்தவர்களிடம் புழுதி என்று சொல்லிச் சமாளித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சந்தை நாளில், குமாரபாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த ஆத்தாயி, நாமக்கல்லில் சவரியார் பஸ் ஏறி ஊருக்கு வந்துகொண்டிருந்தாள். பொழுது இறங்கி, கொல்லிமலை கருநீலமாகியிருந்தது. குறுகலான பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. பாலத்தின் மேல் ஒரு மாட்டு வண்டி, இடதுபக்கமாக, அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வலதுபக்கத்து மாட்டுக்கு ஒற்றைக் கொம்பு. வண்டிக்குள்ளிருந்து இரண்டு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சவரியார் ஹாரனைத் தொடவில்லை. இறங்கிப் போய், செவலையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, பாலத்தைத் தாண்டி அகலமான இடத்தில் வண்டியை ஒதுக்கினான். பூனை நடையாகத் திரும்பி வந்து ஏறினான்.

"ஏம்ப்பா, ஒரு ஹாரன் அடிச்சா எந்திரிக்கமாட்டாரா?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார்.

"வேண்டாமுங்க, அது பாரம். ஒருக்கா ஒடச்சுட்டு நானு பட்ட பாடு போதும்."

"ஆரூட்டு ஆளுங்க அது, இப்படித் தூங்கறது?" என்று பக்கத்து சீட்டுக்காரி ஆத்தாயியைக் கேட்டாள்.

"ஆரு கண்டாங்க" என்று சொல்லிவிட்டு ஆத்தாயி மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சவரியார் சிரித்தான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை கயிற்றைத் தேடியது. செவலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது, யார் என்று தெரிந்துகொண்டு மறுபடி நடந்தது. இடதுபக்கமாகவே நடந்தது. சக்கரம் தாலாட்டுகிற மாதிரி ஆடியது. ஆத்தாயி கயிற்றைச் சட்டத்தில் சுற்றி வைத்தாள். மூட்டையைத் தலைக்கு வைத்து, அவர் பக்கத்தில் சித்த நேரம் சாய்ந்தாள்.

கட்டுத்தறிக்கு முன்னால் வண்டி வந்து நின்றபோது, இறங்குவதற்கு யாரும் எழுந்திருக்கவில்லை.