எலும்பு டாக்டரிடம் போன புரோஸ்டேட்

இன்று காலை தாம்பரத்தில் ஓர் எலும்பு டாக்டர் முன்னால் குனிந்து, கால் கட்டைவிரலைத் தொட்டேன்!

முதுகு நன்றாகவே வளைந்தது. பிரச்சினை முதுகில் இல்லையே!

மூன்று வாரமாகச் சிறுநீர் போனால் எரிச்சல். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு வலி, உட்கார்ந்தால் இன்னும் அதிகம். நடுவில் இரண்டு நாள் குளிர்காய்ச்சல் வேறு.

"சூடுங்க அது. இளநி குடிங்க, எண்ணெய் தேச்சுக் குளிங்க, சரியாயிடும்" என்றாள் மனைவி.

குடித்தேன். குளித்தேன். எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

ஊரப்பாக்கத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி குரோம்பேட்டைக்குப் பாடம் எடுக்கப் போகிறவன் நான். அந்த ட்ரெயினில் பாத்ரூம் கிடையாது. அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். (என்ன ஒரு புத்திசாலி!) அப்படியும் பெருங்களத்தூர் வருவதற்குள், தாம்பரத்தில் இறங்கிவிடலாமா என்று தவிப்பு வந்துவிடும்.

ஆனால் உண்மையான பயம் வேறு.

என் சித்தப்பா. ஒரு வருஷம் "இடுப்பு வலி" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறியிருந்தது.

அந்தப் பயத்தில்தான் இன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்!

"சார்! குட்மார்னிங் சார்! என்னைத் தெரியுதா? பெனிட்டா சார், ப்ளஸ் டூல உங்க ஸ்டூடன்ட்! என்ன சார் பிராப்ளம்?"

எனக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"இடுப்பு வலிம்மா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளும் எலும்பு டாக்டருக்கு டோக்கன் கொடுத்துவிட்டாள்.

அவர் என்னைக் குனிய வைத்தார், நிமிர வைத்தார், படுக்க வைத்துக் காலைத் தூக்கினார்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"இங்க?"

"இல்ல."

"அப்புறம் எங்கதான் சார் வலிக்குது?"

அப்போதுதான் உறைத்தது. சித்தப்பா சொன்ன அதே இரண்டு வார்த்தையைத்தான் நானும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஒன்னுக்குப் போனா எரியுது டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? யூரோ டாக்டரப் பாருங்க. கவுன்ட்டர்ல போய் டோக்கன மாத்திக்கங்க."

மறுபடியும் கவுன்ட்டர்! மறுபடியும் பெனிட்டா!

"யூரோவா சார்? என்ன கம்ப்ளைன்ட்னு போடட்டும்?"

"புரோஸ்டேட்... வீக்கமா இருக்குமோன்னு..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் முன்னால் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், இந்தச் சுரப்பி படத்த நீங்க போர்டுல போட்டப்ப கிளாஸே சிரிச்சுது. என்னைத்தான் எழுப்பி, 'சிரிக்கறவங்க சிரிக்கட்டும், நீ பேர சத்தமா சொல்லு'ன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

(ஆமாம் நண்பர்களே, நான் விலங்கியல் வாத்தியார்! வருஷா வருஷம் அந்தச் சுரப்பியைக் கலர் சாக்பீஸில் வரைகிறவன்!)

"புரோஸ்டேட்" என்றேன். இந்த முறை வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டிருக்கும்.

யூரோ டாக்டரின் பரிசோதனை சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே நிமிஷம்.

"சுரப்பி வீங்கியிருக்கு. கிருமித் தொற்று மாதிரிதான் தெரியுது. என்ன கிருமின்னு பாக்க யூரின் கல்ச்சருக்குக் குடுத்துட்டுப் போங்க."

"கேன்சரா டாக்டர்?"

"இப்ப பாத்த வரைக்கும் அப்படித் தெரியல. கேன்சருக்குப் பாக்கற பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட் இப்ப எடுத்தா, இந்த வீக்கத்துக்கே ஏத்திக் காட்டும், வீணா பயந்துடுவீங்க. இது ஆறட்டும், அப்புறம் எடுப்போம். மாத்திரை நாலு வாரம். ரெண்டு நாள்ல நல்லாயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. தண்ணி குடிங்க, அடக்காதீங்க. திரும்பக் குளிர்காய்ச்சல் வந்தாலோ, யூரின் அடைச்சாலோ உடனே வந்துடணும்."

வெள்ளிக்கிழமை கல்ச்சர் ரிசல்ட். அந்த ரத்த டெஸ்ட் எடுத்து முடிக்கும் வரை சித்தப்பா முகம் கண்ணை விட்டுப் போகாது.

நன்றி பெனிட்டா. அன்றைக்கு உன்னை எழுப்பி விட்டதற்கு இன்றைக்கு நீ என்னை எழுப்பிவிட்டாய்.

சரி, இதைப் படிக்கிற அண்ணன்மார்களே, மச்சான்களே...

உங்கள் "இடுப்பு வலி" எப்படி இருக்கிறது?