பின்வாசல் இல்லாத பிளான்

“வூட்டுக்குப் படம் போட அஞ்சு வருசம் படிப்பா? நாலு செவுரு, ஒரு கதவு. எங்க மேஸ்திரி பீடி குடிச்சிகினே குச்சியால மண்ணுல போட்ருவாரு!”

நான் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று என் தாய்மாமா சொன்னது இது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

நான் படித்தேன். ஐந்து வருடமும் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை எங்கே எழுதினாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது படூரில் ஒரு சின்ன ஆபீஸ். வருகிறவர்கள் பெரும்பாலும் ஐ.டி. தம்பதிகள். செல்போனில் அறுபது படம் சேர்த்து வைத்துக்கொண்டு வருவார்கள். இந்தக் கிச்சன், இந்த மாடிப்படி, இந்த ஜன்னல்... “சீ வியூ கண்டிப்பா வேணும் மேடம்!”

நான் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். இரண்டு வாரத்துக்குப் பென்சிலைத் தொடவே மாட்டேன். வெறும் கேள்விகள்தான். காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவீர்கள்? வேலை முடிந்து வந்தால் பையை எங்கே போடுவீர்கள்? கோபம் வந்தால் எந்த மூலையில் போய் உட்காருவீர்கள்? இந்த இடத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி போலிருக்கிறது!

அப்புறம்தான் வட்டங்கள். சமையலறைக்கு ஒரு வட்டம், ஹாலுக்கு ஒரு வட்டம். எது எதன் பக்கத்தில் இருக்க வேண்டும், எதிலிருந்து எது தெரியக்கூடாது — அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வட்டங்கள். சுவர் எல்லாம் கடைசியில் வரும்.

இத்தனை விவரமாகப் பேசுகிறேனே... என் வீட்டு விஷயத்தில் என்ன செய்தேன் தெரியுமா?

என் அம்மா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நாங்கள் இருப்பது சுனாமிக்குப் பிறகு கிடைத்த குடியிருப்பு வீடு. வரிசையாக எல்லா வீடும் ஒரே மாதிரி. பெயின்ட் மட்டும்தான் வேறு. அதில் குடியேறியபோது எனக்கு ஏழு வயது. அன்றிலிருந்து எனக்கு ஓர் ஏக்கம் — அம்மாவுக்கென்றே அளவெடுத்த ஒரு வீடு. தைத்த ஜாக்கெட் மாதிரி, வேறு யாருக்கும் பொருந்தாத வீடு.

யாருக்கு வீடு வரைந்தாலும், வரைந்து முடித்ததும் அம்மாவை அதற்குள் ஒரு சுற்று நடக்க விடுவேன். மனசுக்குள்தான். இந்த ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? இந்த ஊஞ்சல் அவளுக்கு உயரமோ? பிறகு அந்த பிளானைச் சுருட்டி, உரியவர்களிடம் கொடுத்து அனுப்பிவிடுவேன். அம்மாவும் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்துவிடுவாள்.

இந்த வருடம் ஈ.சி.ஆர். ரோட்டுக்கு மேற்கே மூன்று சென்ட் மனை எங்கள் கைக்கு வந்தது. ஒரே வாரத்தில் பிளான் ரெடி! கேள்வியா? அம்மாவிடமா? என்னைப் பெற்றவளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ன! அப்பாவிடம் மட்டும் பேச்சுக்கு ஒரு தடவை கேட்டேன். “பேன் காத்து வந்தா போதும்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மனையில் சுண்ணாம்புத் தூளால் வீட்டை முழு அளவில் கோடு போட்டேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அதே மாமா. மதியம், மார்க்கெட் முடிந்து ஷேர் ஆட்டோவில் அம்மா நேராக அங்கேயே வந்து இறங்கினாள். இடுப்பில் காலி அன்னக்கூடை.

“இதான் முன்வாசல். உள்ள வாம்மா!” என்றேன்.

வரவில்லை. கோட்டை மிதிக்காமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே நின்றுகொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பார்த்தாள்.

“பின்வாசல் எங்கடி?”

“பின்வாசல் இல்லம்மா. மூணு சென்ட்ல பின்னாடியும் வழி விட்டா ஹால் சின்னதாயிடும்.”

“அப்ப நான் எப்டி வர்றது?”

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னாக்கா, கதவு வழியாதான் வரணும். சன்னல் ஏறியா குதிப்ப?”

“நீ சும்மா இர்றா! இந்தக் கவிச்சியோடவா வர்றது? ஹால்ல இவ பிரண்டுங்க குந்திகினு இருந்தா?”

“என் பிரண்ட்ஸா? எப்பம்மா?”

“அதான், பொத்தேரி ஆஸ்டல்லேர்ந்து நாலு பொண்ணுங்க வந்துச்சே. அன்னிக்கு பின்னாடி குழாயாண்டதான் குந்திகினு இருந்தேன். அதுங்க கெளம்பற வரிக்கும்.”

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மகாபலிபுரம் பார்க்க வந்த என் காலேஜ் தோழிகள். விடியற்காலையிலேயே வஞ்சிரக் குழம்பு வைத்துவிட்டுத்தான் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ‘உங்க அம்மாவப் பாக்கவே முடியலையே’ என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் பஸ் ஏறினார்கள்.

“மார்க்கெட்ல லேட்டாயிடுச்சின்னு சொன்னியேம்மா?”

“சீக்கிரம்தான் வந்தேன். உள்ள வரத்தான் லேட்டு.”

“குளிச்சிட்டு வந்திருக்கலாமே...”

“குளிக்கிற ரூம்பு எங்க கீது? பின்னால வந்தாலும் ஹாலத் தாண்டித்தானே போவணும்?”

நான் குனிந்து என் சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தேன். முன்வாசல். ஹால். ஹாலைத் தாண்டி பாத்ரூம். அந்தக் குடியிருப்பு வீட்டைப் போட்டவர் என் அம்மாவைப் பார்த்ததே இல்லை. நான் இருபத்தெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதே வீட்டை, கொஞ்சம் அழகாகப் போட்டிருந்தேன். அவளுக்கு இருந்த ஒரே வழியான பின்வாசலையும் அடைத்துவிட்டு!

“உனக்கு என்னம்மா வேணும்?” என்று அப்போதுதான் கேட்டேன். முதல் தடவையாக.

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். பதில் சொல்லப் பழக்கமில்லாத கேள்வி. முன்பக்கத்தைக் கையால் காட்டினாள்.

“முன்னாடியே ஒரு குழா. அதாண்டயே குளிக்கிற ரூம்பு. கூடைய வெளியவே வெச்சிட்டு, குளிச்சி, பொடவ மாத்திகினு... முன்வாசல் வழியா வரணும்.”

“வந்து?”

“வந்து இன்னா... நாலு பேரு இருந்தாலும், அவங்களோட குந்துவேன்.”

மாமா லுங்கியை மடித்துக் கட்டினார். நான் கஷ்டப்பட்டுப் போட்ட பாத்ரூம் கோட்டை வெறுங்காலால் தேய்த்து அழித்தார். டேப்பை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் நின்றார். “அளவு சொல்லு, புடிக்கிறேன். மேஸ்திரி பீடிக்கு இது வராது போல கீது.”

அன்று மாலையே வட்டங்களை மறுபடி போட்டேன். இந்தத் தடவை முதல் வட்டம் குழாய். அதை ஒட்டி, வெளியிலிருந்தே திறக்கிற குளியலறை. அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் முன்வாசல். முகப்பிலேயே பாத்ரூமா? எலிவேஷன் அழகு என்ன ஆவது? கல்லூரியாக இருந்தால் ஃபெயில் போட்டிருப்பார்கள். போடட்டுமே! ஹாலில் ஓர் அடி குறைந்தது. அந்த ஓர் அடியை நான் தேடவில்லை.

முன்பெல்லாம் மனசுக்குள் அம்மா எந்த வீட்டிலும் தடையில்லாமல் நடந்து போவாள். இப்போது யோசித்தால், ஒன்றில்கூட நான் அவளை வாசல் வழியாகக் கூட்டிப் போனதில்லை. அவள் எப்போதும் ஏற்கெனவே உள்ளே இருப்பாள். எப்படி வந்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

என் கேள்வித்தாளில் இப்போது முதல் கேள்வி மாறிவிட்டது: ‘உங்கள் வீட்டுக்குள் நீங்கள் எந்த வழியாக வருவீர்கள்?’ ஐ.டி. தம்பதிகள் விழிக்கிறார்கள். விழிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் சுற்றிக்கொண்டு வருகிறவர் ஒருவராவது இருப்பார்.

நேற்று கார்ப்பென்டர் அண்ணனிடம் போய் முன்வாசல் நிலைக்கு அளவு கொடுத்துவிட்டேன். அகலம் நாலடி. அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இன்னும் கடக்காலே தோண்டலியேமா, அதுக்குள்ள நிலையா?”

ஆமாம் அண்ணா. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முன்வாசல்தான் ரொம்ப லேட்டு!