கல்லணை திறந்து ஒன்பதாம் நாள்

எங்கள் விதைநெல் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் மதிவதனியைப் போல் ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. திருவையாற்றுப் பக்கம் நடவுக்குப் போய்க்கொண்டிருந்த அம்சவல்லியின் மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பதில் எங்களிடம் சேர்ந்தாள்.

மூன்றாம் வருடம், கம்பெனியின் பத்து வருட விற்பனையையும் ஒரே இடத்தில் சேர்க்கும் டேட்டா வேர்ஹவுஸ் வேலை வந்தது. அதில் நாட்காட்டி அட்டவணை அவள் பொறுப்பு. நாளுக்கு ஒரு வரி. வரியில் தேதி, வாரம், மாதம், காலாண்டு. ஒரு மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன். அவளோ கூடுதலாக ஒரு கட்டம் போட்டிருந்தாள்: அந்த வருடம் பாசனத்துக்குக் கல்லணை திறந்து எத்தனையாவது நாள்.

வரப்போகும் வருடங்களுக்கு அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. மேலாளர் ஜெக்கரியாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"காலண்டர்ல யாராவது ஓட்டை விடுவாங்களா? எடுத்துடும்மா."

"தண்ணி வராம நான் எப்படிங்க சார் நாள் எண்ணுவேன்? எடுக்க மாட்டேன்."

"ஏன், உங்க ஊர்ல தேதியே கிடையாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஐப்பசியில் எங்கள் திருவையாற்று விதை டிப்போவை மூடும் பேச்சு வந்தது. ஜூன் விற்பனை போன வருடத்தில் பாதிகூட இல்லையாம். பதினோரு பேருக்கு வேலை போகும். கையெழுத்தாக இருந்த கூட்டத்துக்குள், யாரும் கூப்பிடாமலே மதிவதனி போய் நின்றாள்.

"இந்த வருஷம் தண்ணி மூணு மாசம் லேட்டுங்க. ஜூனையும் ஜூனையும் வச்சுப் பார்த்தா எப்படி? தண்ணி வந்த நாள்லேர்ந்து எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். முதல் முப்பது நாளில் போன வருடத்தைவிட நூறு மூட்டை கூட. டிப்போ பிழைத்தது.

ஜெக்கரியா அப்போதும் விடவில்லை. மறுநாள் அட்டவணையைத் துருவிப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"கம்பெனி ஆரம்பிச்சது தொண்ணூத்திரண்டுல. உன் டேபிள்ல எழுபத்தேழாம் வருஷம் எதுக்கு? அதுவும் ஒரே ஒரு நாள்?"

"நான் பொறந்த நாளுங்க சார். கல்லணை தொறந்து ஒம்பதாம் நாள்னு அம்மா சொல்லும். பள்ளிக்கூடத்துல அதை எழுதிக்க மாட்டேன்னுட்டு ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாங்க. கல்லணையோட பழைய பதிவேட்டைத் தேடிப் புடிச்சு, எண்ணிப் போட்டிருக்கேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"எடுக்க மாட்டேன்."