கையேந்தாத மாப்பிள்ளை

சமையலறையில் உரல் இடிபட்டுக்கொண்டிருந்தது. லுவால்ஹாத்தி இடிப்பது காபிக்கொட்டையையா, தன் விதியையா என்று தெரியாத அளவுக்குச் சத்தம். கூடத்தில் அவளைப் பெண் கேட்டு வந்த பையனும் அவன் தாய் ஆலிங் பெனிக்னாவும் மூங்கில் நாற்காலிகளின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும்.

லுவால்ஹாத்தியின் அப்பா மாங் மோனெஸ், லிபா நகரில் முடிதிருத்துபவர். எங்கள் நாட்டு செனட்டர் ரெக்தோ திடலில் அமெரிக்காவை எதிர்த்துப் பேசியதைக் கேட்ட நாளிலிருந்து அவர் வேறு மனிதராகிவிட்டார். அந்நியனிடம் கையேந்தும் நாடு நாடே அல்ல என்ற எண்ணம் அவர் நெஞ்சில் ஆணியாய் இறங்கிவிட்டது. கடையிலிருந்த அமெரிக்கப் பவுடரும் வாசனைக் களிம்பும் அன்றே சாக்கடைக்குப் போயின. பிறகு எல்லாத் தலைக்கும் தேங்காய் எண்ணெய்தான். அவரிடம் முடிவெட்டிக்கொண்டு பூசைக்குப் போனால் பாதிரியாருக்கே பசியெடுக்கும். போன வருடம் ஜனாதிபதித் தேர்தலில் ரெக்தோ தோற்றபோது துக்கத்தில் கடையை அடைத்து, பாதி ஊரைக் காட்டுமனிதர்களாக அலையவிட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் மனதைப் பறிகொடுத்தது யாரிடம்? ஐயோ, கவீத்தேயில் அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் சமைக்கும் பையனிடம்! பெயர் வாஷிங்டன்.

“பேரையாவது மாத்தித் தொலைக்கக் கூடாதா?” என்றார் மாங் மோனெஸ்.

“அவங்கப்பா ஆசையா வெச்சது. இது பரவால்ல, மூத்தவன் பேரு ரூஸ்வெல்ட்” என்றார் பெனிக்னா.

“வேலைய விடட்டும், பொண்ணத் தரேன். அமெரிக்காக்காரன்கிட்ட கையேந்துறவன் என் வீட்டு மாப்பிள்ளையா வர முடியாது.”

“உங்க ரெக்தோவா வந்து நம்ம பொண்ணுக்கு வரன் பாப்பாரு?” என்று அவர் மனைவி ஆலிங் செபா சீறினார்.

உரல் நின்றது. வாஷிங்டன் வெளிறிப்போனான். வேலையை விட்டால் தாயும் தங்கைகளும் பட்டினி. விடாவிட்டால் லுவால்ஹாத்தி இல்லை.

“நான் எங்க கையேந்துறேன், மாங் மோனெஸ்? அவங்கதான் என்கிட்ட தட்டேந்துறாங்க” என்றான்.

“என்னது?”

“மூணு வேளையும் வரிசையில வரணும். நான் கரண்டியத் தூக்குற வரைக்கும் கொக்கு மாதிரி நிப்பாங்க.”

“அதிகாரிங்களுமா?”

“அவங்களும்தான். ஒருத்தர் நடுவுல புகுந்தாரு. பின்னால போங்கன்னுட்டேன்.”

மாங் மோனெஸ் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். “போனானா?”

“முணுமுணுத்துக்கிட்டே போனாரு.”

“அவனுங்க ஊரு சாப்பாட்டைத்தானே போடுற?” இது அவருடைய கடைசி அஸ்திரம்.

“வெள்ளிக்கிழமைன்னா நம்ம புளிப்பு மீன்குழம்பு. மொதல்ல மூஞ்சியச் சுளிச்சாங்க. இப்ப இன்னொரு கரண்டி கேக்குறாங்க.”

“கேக்குறானுங்களா! குடுப்பியா?”

“மனசு வந்தா.”

மாங் மோனெஸின் கண்கள் நிறைந்துவிட்டன. தேர்தல் தராத வெற்றியை ஒரு கரண்டி தந்துவிட்டது.

“செபா, கையேந்துறது யாருன்னு கேட்டியா?”

“கேட்டேன், கேட்டேன். பொண்ணத் தரீங்களா இல்லையா?”

அவர் தொண்டையைச் செருமினார். “ஞாயித்துக்கிழமை லீவுதானே? வந்து விறகு வெட்டு, தண்ணி தூக்கு. நாங்கல்லாம் செஞ்சோம்ல.”

பெண் வீட்டார் வேலை வாங்கினால் சம்மதம் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெனிக்னா சிலுவை போட்டுக்கொண்டு அழுதே விட்டார்.

வாசலில் வாஷிங்டன் குனிந்து மாமனாரின் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். படியிறங்கியவனை அவர் மறுபடி கூப்பிட்டார்.

“ஆமா, பின்னால போனானே அந்த அதிகாரி, எவ்வளவு உயரம் இருப்பான்?”

“ஆறடிக்கு மேல.”

“நல்லது” என்று கதவைச் சாத்தினார் மாங் மோனெஸ்.